கேள்விக்குக் கொறடா இல்லை

எம்.எல்.ஏ. என்றால் யார் என்று நம்ம தெருவில் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கு வருவார், துட்டி வீட்டுக்கு வருவார், காலேஜ் சீட்டுக்கு லெட்டர்பேடில் எழுதித் தருவார், தெருவிளக்குப் போட்டால் திறந்துவைக்க வருவார் என்பார்கள். சட்டம் செய்கிறவர் என்று ஒரு ஆள் சொல்ல மாட்டார். சட்டமன்ற உறுப்பினர் என்ற பெயரில் முதல் சொல்லே சட்டம்தான். அந்தச் சொல் மட்டும் சனங்களின் நினைப்பில் விழவில்லை. இது சனங்களின் தப்பு இல்லை. அந்த வேலையை அவர் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

மானியக் கோரிக்கை விவாதங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிடும். தனித்தொகுதி உறுப்பினருக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிறது. முதல் பாதி தலைமைக்கு நன்றி. பிறகு முந்தைய ஆட்சிக்கு வசவு. மிச்சமிருக்கிற நேரத்தில் பேருந்து நிலையம், பாலம், கல்லூரி. எல்லாம் வேண்டியவைதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இதே பட்டியலைப் பொதுத்தொகுதிக்காரரும் வாசிக்கிறார். பிறகு எதற்கு 234 இடத்தில் 44 இடம் தனியாக?

என் வாதம் சின்னது. தனித்தொகுதி உறுப்பினருக்குத் தன் மனசுப்படி வாக்களிக்கும் சுதந்திரம் இல்லை. அது சட்டப்படியே இல்லை. ஆனால் கேட்கும் சுதந்திரத்தை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை. எடுக்காத ஒன்றை இவர்களாகவே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் இதே குற்றால மலையடிவாரத்தில் இரண்டு சட்டசபைகளின் எல்லை ஓடியது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. செங்கோட்டைப் பக்கத்துச் சேரிக்காரனுக்காகப் பேசியவர் அய்யன்காளி. 1912-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். ஓட்டுப் போட்டு யாரும் அனுப்பவில்லை, பின்னால் கட்சி இல்லை. போன இடத்தில் மகாராஜாவுக்கு வாழ்த்துப்பா பாடிவிட்டு வரவில்லை. எங்க சனத்துக்குப் புதுவல் நிலம் கொடு, எங்க பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர் என்று கேட்டார். நிலம் கொஞ்சம் கிடைத்தது. பள்ளிக்கூடம் சுலபத்தில் கிடைக்கவில்லை, உத்தரவு வந்த பிறகும் அடிதடி நடந்தது. அவர் விடவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அதே சபையில் அதே கேள்விகளோடு உட்கார்ந்திருந்தார். சபைக்கு உள்ளே போவதற்கு முன்பே வயலில் வேலைநிறுத்தம் நடத்திக் காட்டியவர் என்பதால் அவர் கேள்விக்குப் பின்னால் சனம் நிற்கிறது என்று திவானுக்குத் தெரியும்.

தென்காசிப் பக்கத்துச் சேரிக்காரனுக்குச் சென்னைச் சட்டசபைதான். அங்கே எம்.சி. ராஜா 1922-இல் தீர்மானம் கொண்டுவந்து, அரசுக் காகிதங்களில் இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் 1924 செப்டம்பர் 25-இல் அரசாணை எண் 2660 பிறந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரும் போகலாம், வரலாம், தடையில்லை என்றது அந்த ஆணை. கோயம்புத்தூர் ஆர். வீரையன் ஆணையோடு நின்றால் போதாது என்று 1926-இல் உள்ளாட்சிச் சட்டத்தையே திருத்தப் போராடினார். இவர்களும் நியமன உறுப்பினர்கள்தான். இன்றைக்குச் சொல்வோமே, ‘வெள்ளைக்காரன் போட்ட பிச்சை’ என்று, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இது.

(1934-இல் குற்றாலம் வந்த காந்தி, தாழ்த்தப்பட்டவர்கள் அருவிக்குப் போக வழியில்லை என்று கேள்விப்பட்டு, தானும் குளிக்காமல் திரும்பினார் என்று காந்தியர்கள் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். குளிக்காமல் போனது அவருடைய மனசாட்சிக்கு நல்லதுதான். பொதுவழியில் போக நமக்கு உரிமை உண்டு என்ற ஆணை அதற்குப் பத்து வருஷம் முந்தியே நம்ம ஆள் சபையில் கேட்டு வாங்கியது. அதை அமல்படுத்தாத அதிகாரி யார் என்பதல்லவா அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது!)

நியமன உறுப்பினர் பேசினார், லட்சம் ஓட்டு வாங்கினவர் பேசவில்லை. இதற்குக் காரணத்தைப் புனா ஒப்பந்தத்தில் தேடுகிறோம், சரிதான். 1932-இல் இரட்டை வாக்குரிமையோடு கிடைத்த 71 இடத்தை விட்டுவிட்டு, கூட்டுத்தொகுதியில் 148 இடம் பெற்றோம். எண்ணிக்கை கூடியது, பிடி நழுவியது. தனித்தொகுதியில் நிற்கிறவர் யார் என்று தீர்மானிப்பது கட்சி. ஜெயிப்பது யார் என்று தீர்மானிப்பதில் ஊர்க்காரன் ஓட்டுக்குத்தான் எடை அதிகம். சேரியின் கோபத்தைச் சேரிக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிற ஆள்தான் இரண்டு பேருக்கும் வசதி. போதாக்குறைக்கு 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போச்சு.

ஆனால் அந்தப் பத்தாவது அட்டவணையை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள் தோழர்களே. அது சொல்வது வாக்கைப் பற்றி, வாக்களிக்காமல் விலகி நிற்பதைப் பற்றி, கட்சியை விட்டுப் போவதைப் பற்றி. கேள்வி கேட்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆதிதிராவிடர் விடுதியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டால் பதவி போகாது. அடுத்த தடவை சீட்டு போகலாம். அந்தப் பயத்துக்குப் பேர் சட்டம் இல்லை. சத்தியவாணி முத்து அமைச்சராக இருந்தவர். தி.மு.க.வில் தாழ்த்தப்பட்டோர் நலன் புறக்கணிக்கப்படுகிறது என்று சொல்லி 1974-இல் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். பிறகு அந்தக் கட்சி அ.தி.மு.க.வில் கரைந்தது வேறு கதை. ஆனால் வாயைத் திறந்ததால் அந்த அம்மாவின் அரசியல் செத்துப்போகவில்லை. 1979-இல் மத்திய அமைச்சராகவும் ஆனார்.

நம்ம பகுதிக் கணக்கைப் பாருங்கள். தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் தனி. தமிழ்நாட்டில் இப்படி அடர்த்தியாகத் தலித் பிரதிநிதித்துவம் உள்ள பகுதிகள் குறைவு. 2016-இல் சங்கரன்கோவிலில் ஜெயித்த வி.எம். ராஜலட்சுமி ஆதிதிராவிடர் நலத்துறைக்கே அமைச்சராக இருந்தார். ஆளும் இருந்தது, பதவியும் இருந்தது. தனியாக ஒருவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கட்சி வந்தாலும் நம்ம ஆளுக்கு அந்த ஒரு துறையைக் கொடுத்து உட்கார வைப்பதும், நிதித்துறையின் கதவுக்கு வெளியே நிறுத்துவதும் வழக்கமாகிப் போனதைத்தான் சொல்கிறேன். சேரியின் சாவி நலத்துறையில் இல்லை, நிதித்துறையில் இருக்கிறது.

நிதி என்றதும் என் தொழில் புத்தி வந்துவிடுகிறது. நான் வங்கியில் கிளார்க். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஐம்பது ரூபாய் இடித்தாலும் அன்றைய வவுச்சர் அத்தனையையும் கவிழ்த்துப் போட்டுத் தேடணும். தேடியும் கிடைக்காததை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம், அதற்கும் ஒருநாள் பதில் சொல்லியாகணும். மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் இன்னொரு கூத்து. வருஷம் பூரா வராத மானியப் பணம் அந்த வாரத்தில்தான் வரும். பயனாளி யார், பத்திரம் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் 31-ஆம் தேதி தாண்டிவிடும். பணம் வந்த வழியே திரும்பிப் போகும். தாட்கோ, வாழ்ந்து காட்டுவோம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு பத்து நடை நடந்த பொம்பளை கவுண்டருக்கு வெளியே நின்று, ‘என்ன சார், வந்துச்சா?’ என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியது கிளார்க் இல்லை.

சின்னக் கிளைக்கே இத்தனை கணக்கு. அரசாங்கத்துக்கு டேலி பார்க்கிற நேரம் எது? சட்டமன்றத்தின் கேள்வி நேரம்தான். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு 20.01, பழங்குடியினர் 1.10. 1979-80-இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் தொடங்கியபோதே, திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதத்துக்குத் தக்க பங்கு இந்த மக்களுக்குப் போகணும் என்று விதி வந்துவிட்டது. விதி வந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. பட்ஜெட் புத்தகத்தில் அந்தப் பங்கு எழுதப்படுகிறது. எழுதுவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எல்லோருக்கும் போடுகிற ரோடு, எல்லோருக்கும் கொடுக்கிற இலவசம், இவற்றில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்கும் சேர்ந்ததுதானே என்று நம் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். நம்ம வீட்டுப் பானையிலிருந்து அரிசி எடுத்து ஊருக்குப் பந்தி வைத்துவிட்டு, நீயும் ஒரு இலையில் உட்காரலாம் என்று சொல்வது மாதிரி. 2023-இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத்திட்ட நிதியின் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது என்று சர்ச்சை வந்து, தேசிய ஆணையம் விளக்கம் கேட்கிற அளவுக்குப் போனது. தலித் பெண்ணும் அந்த ஆயிரம் ரூபாயை வாங்குகிறாள்தான். ஆனால் மற்ற பெண்ணுக்குப் பொதுக் கஜானாவிலிருந்து வருவது, இவளுக்கு மட்டும் இவளுடைய சொந்தப் பங்கிலிருந்து ஏன் வரணும்? 44 பேரில் நாலு பேர் இதை அவையில் விடாமல் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியில் சாட்சி இருக்கிறது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு, டெல்லி அரசு சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் பணத்தை எடுத்தது. தலித் மனித உரிமை அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தில் தோண்டி எடுத்தன. விஷயம் நாடாளுமன்றத்துக்குள் போனது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் எழுந்து, 600 கோடிக்கு மேல் திருப்பப்பட்டது, அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர்வலத்தில் ஆயிரம் தடவை கத்தினாலும் கிடைக்காத ஒப்புதல் வாக்குமூலம் அது. பணம் திரும்பி வந்ததா என்பதில் சண்டை மீதி இருக்கு. ஆனால் திருட்டுக்குத் திருட்டு என்று பெயர் வைக்க முடிந்தது.

அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இல், தெலங்கானா 2017-இல். தமிழ்நாட்டில் 2024-இல்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டத்துக்கு ஒரு சட்டம் வந்தது. சமூகநீதியின் தாய்வீடு என்று மேடைக்கு மேடை பேசுகிற மாநிலம் ஆந்திரத்துக்குப் பதினோரு வருஷம் பின்னால் வந்தது. சரி, வந்ததே பெரிசு. ஆனால் சட்டம் வந்ததோடு போஸ்டர் ஒட்டிவிட்டுத் தூங்கிவிடக் கூடாது. கர்நாடகச் சட்டத்தில் 7-டி என்று ஒரு உட்பிரிவை வைத்தார்கள். பொதுவான வேலைகளுக்குப் போன பணத்தையும் நம் கணக்கில் செலவானதாகக் கருதிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிரிவு. பத்து வருஷம் போராடி 2023-இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டத்தின் பெயரில் நமக்குக் கொடுத்து, உட்பிரிவில் திரும்ப எடுத்துக்கொள்வது ஆளும் வர்க்கத்துக்குக் கைவந்த கலை. உட்பிரிவைப் படிக்கிற வேலைக்குத்தான் சட்டமன்ற உறுப்பினர் என்று பெயர்.

இன்னொரு இடம். இது பலருக்குத் தெரியாது, சில எம்.எல்.ஏ.க்களுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 16. மாநில அளவில் ஒரு விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு. முதலமைச்சர்தான் தலைவர். தலித், பழங்குடி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். தலைமைச் செயலர், டி.ஜி.பி. எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூடியே ஆகணும். மாதத்தின் பெயரையே விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவு நம்பிக்கை அரசாங்கத்தின் மேல்! தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இந்தக் குழு கூடவே இல்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2021 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் கூடியது. கூடாத அத்தனை ஆண்டுகளும் சபையில் தனித்தொகுதி உறுப்பினர்கள் இருந்தார்கள். முதலமைச்சரையும் டி.ஜி.பி.யையும் ஒரே மேசையில் வைத்து, என் தொகுதியில் பதிவான வழக்கு எத்தனை, தண்டனை எத்தனை, நிவாரணம் எத்தனை குடும்பத்துக்குப் பாக்கி என்று கேட்கும் நாற்காலி காலியாகக் கிடந்தது. இந்தக் கூட்டத்தைக் கூட்டு என்று கேட்க எந்தக் கொறடா தடுத்தார்?

கேள்வி இல்லாத இடத்தில் கமிஷன் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றில் தள்ளியது. 17 உயிர். ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. ஊர்வலத்துக்கு முன்னால் நின்றவர்களில் அப்போதைய ஒட்டப்பிடாரம் எம்.எல்.ஏ. டாக்டர் கிருஷ்ணசாமி ஒருவர். அன்று சபையில் தாழ்த்தப்பட்டோருக்கு 42 தனித்தொகுதி. நீதிபதி மோகன் கமிஷன் பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள் என்றது. ஆற்றுக்குள் எதற்கு இறங்கினார்கள் என்பதுதான் கேள்வி. விசாரணைக் கமிஷன் சட்டம் பிரிவு 3(4) சொல்கிறது: அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு அவையில் வைக்க வேண்டும். அப்படி வைக்கிற அன்றைக்கு எழுந்து நின்று அறிக்கையைக் கிழித்துப் பேசுவதற்குத்தான் 42 பேரை அனுப்புகிறோம். கிருஷ்ணசாமியின் பிற்கால அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அன்று தெருவில் நின்ற ஒரு எம்.எல்.ஏ.வுக்குப் பின்னால் அவைக்குள் 41 பேர் ஒரே கேள்வியோடு எழுந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

2025 ஜூலை 27-இல் பாளையங்கோட்டையில் நம்ம பையன் ஒருவனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மென்பொருள் பொறியாளர், படித்து மேலே வந்த பிள்ளை, வேறு சாதிப் பெண்ணோடு பழகினான் என்பதுதான் குற்றம். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுப் பல வருஷமாக இயக்கங்கள் கத்தின. இருக்கிற சட்டமே போதும் என்பதுதான் மாறி மாறி வந்த பதில். அந்தக் கொலைக்குப் பிறகு 2025 அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மத்திய சட்ட ஆணையம் 2012-இலேயே மசோதா வரைவு எழுதிக் கொடுத்துவிட்டது. ராஜஸ்தான் சட்டமன்றம் 2019-இல் ஒரு மசோதாவே நிறைவேற்றியது. உச்சநீதிமன்றம் 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, காதலர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் என்று வழிமுறையே போட்டுக் கொடுத்தது. தனிச்சட்டம் வருகிறவரைக்கும் வரட்டும். தென்காசி மாவட்டத்தில் அந்தத் தனிப்பிரிவு எங்கே இருக்கிறது, போன் நம்பர் என்ன, எத்தனை ஜோடி வந்தார்கள் என்று கேட்க ஆணையம் தேவையில்லை. ஒரு எம்.எல்.ஏ.வும் ஒரு வெள்ளைத்தாளும் போதும்.

கேட்கிறதற்கு நேரம் எங்கே என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வருஷத்துக்கு 100 நாள் சபை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. அதில் பாதி நாளைக்கூட எந்த வருஷமும் எட்டவில்லை. முந்தைய அ.தி.மு.க. ஆட்சியிலும் கதை வேறு இல்லை. ஆனால் எழுத்து மூலம் கேள்வி கொடுக்கலாம். அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னதைத் துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுக்கணக்குக் குழு இருக்கிறது. இந்தக் குழுக்கள் மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும். நம்ம மாவட்டத்துக்கு வந்தால் குற்றாலத்தை விட்டுவிட்டா போவார்கள்? குளிக்கட்டும். குளித்துவிட்டு வருகிறவர்கள் கையில் விடுதிக் கக்கூஸின் போட்டோவையும், திரும்பிப்போன மானியத்தின் கணக்கையும் கொடுக்க நம்ம பிள்ளைகள் நாலு பேர் வாசலில் நிற்கணும்.

நம்ம இயக்கங்களிலும் ஒரு பேச்சு உண்டு. ‘ஓட்டுப் பொறுக்கிகளிடம் என்னத்தக் கேக்க, தெருவில இறங்குவோம்’ என்று. தெருவில் இறங்காமல் எதுவும் கிடைத்ததில்லை, அய்யன்காளிக்கும் அப்படித்தான். ஆனால் அவர் தெருவில் கேட்டதையே சபையிலும் கேட்டார். நாம் பெரும்பாலும் தெருவில் கேட்பது ஒன்று, எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கேட்பது வேறொன்று. டிரான்ஸ்பர், சிபாரிசு, கொடைக்கு நன்கொடை. சட்டம் பற்றிக் கேட்க யாரும் வருவதில்லை என்று தெரிந்தபின் அவர் எதற்குச் சட்டம் படிக்கப் போகிறார்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அதே விதிகளில் விதி 17, மாவட்டக் கண்காணிப்புக் குழு. கலெக்டர் தலைவர், உள்ளூர் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள், பொதுத்தொகுதிக்காரரும் சேர்த்து. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடணும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அன்றிலிருந்து கூட்டம் நடந்த தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேட்டில் எந்த எம்.எல்.ஏ.வின் கையெழுத்து எத்தனை தடவை இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், தபால் செலவு தனி. முப்பது நாளில் பதில் வரணும். வருகிற காகிதத்தைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலும் ஒன்றை வாசுதேவநல்லூரிலும் ஒட்டுங்கள். இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள்.